மலைக்கு முன்பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிப்போகுமுன்

3-5 வயதுக்காரர்களோடு வெளியே இறங்குவதற்கு முதல்நாளே கண்டக்கையாவிடம் (தோட்ட வேலையை மேற்பார்வை செய்பவர்) எந்த மலையில், அதாவது எந்தத் தேயிலைக் காட்டில், பூச்சி மருந்தடிக்கிறார்கள் என்று கேட்டுவிடுங்கள். அந்தப் பக்கமே வேண்டாம். காலையில் டீச்சர் ஒருவர் தனியாகப் போய்க் குளவிக்கூடு இருக்கிறதா என்று மரத்தையும் பார்க்க வேண்டும், தேயிலைச் செடிக்கு அடியிலும் பார்க்க வேண்டும். பனி காய்ந்தபின் கிளம்பினால் அட்டை குறைவு. கடித்துவிட்டால் பிடித்து இழுக்காதீர்கள். நகத்தைத் தோலோடு ஒட்டி வைத்துப் பக்கவாட்டில் தள்ளினால் விட்டுவிடும். கொஞ்ச நேரம் இரத்தம் வடியும், பிள்ளை பயப்படும், துணியால் அழுத்திப் பிடித்தால் போதும். ஊமத்தையையும் உன்னிச்செடிக் காயையும் முதலிலேயே காட்டி, தொடக்கூடாது என்று சொல்லிவிடுங்கள்.

பொறுக்கிய பொருட்களைப் போட ஆளுக்கொரு முட்டைப் பெட்டி அட்டை, 6 குழி மட்டும். 30 குழி கொடுத்தால் நிரப்புவதுதான் வேலையாகிவிடும், பார்ப்பது நடக்காது. கொழுந்து, முற்றிய இலை, டர்பன்டைன் மரத்துக் காய், கல் என்று அவர்களே பிரிக்கட்டும்; "இது ஏன் இங்கே?" என்று மட்டும் கேளுங்கள். நிறம் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினால் விளையாட்டு செத்துவிடும்.

மழையை அளக்க மழைமானி ஒன்றும் செய்யலாம். அதற்கு நேரான பக்கமுள்ள போத்தலை வெட்டி, மேல்பகுதியைத் தலைகீழாகச் செருகுங்கள். அடி வளைவாக இருப்பதால் கூழாங்கல் போட்டு, வளைவுக்கு மேல் ஒரு கோடு போட்டு அதுவரை தண்ணீர் ஊற்றி, அதையே பூச்சியமாக வைக்க வேண்டும். இதை விட்டால் அளவு பிழைக்கும். கூரை விளிம்பில் வைக்காதீர்கள், பீலித் தண்ணீரும் சேர்ந்துவிடும்.