எத்தனை மணி வரைக்கும் போட?

"அண்ணா, எத்தனை மணி வரைக்கும் போட?" என்று கேட்டான் தம்பி. "காலைல எட்டு வரைக்கும் போட்டுடு" என்றேன். அவ்வளவுதான் பேச்சு. நெட்வொர்க் கண்காணிப்பில் இரவுப் பணி, தம்பி என்னோடு வேலை செய்பவன். அலாரத்தை எதுவரை மியூட் செய்ய, அதாவது வராமல் நிறுத்திவைக்க என்பதுதான் கேள்வி. எட்டு மாதம் ஆகிவிட்டது, இன்னும் மனதை விட்டுப் போகவில்லை.

பால் நிறுவனம் ஒன்றின் டெஸ்பாட்ச் கிளை. இரண்டு லிங்க், பிரைமரியும் அது போனால் தாங்க ஒரு பேக்கப்பும். பேக்கப் ஃபைபர் அன்று இரவு பதினொன்றிலிருந்து ஃபிளாப் ஆகிக்கொண்டே இருந்தது. டவுன், அப், டவுன், அப். ஒவ்வொன்றுக்கும் ஓர் அலாரம், ஒரு மெயில். ஒன்றரை மணிக்குள் இருநூறைத் தாண்டிவிட்டது. கிராஃபில் ஒன்றும் தெரியாது. ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறைதான் போலிங், அதாவது போர்ட் எப்படி இருக்கிறது என்று எங்கள் பக்கமிருந்து கேட்பது. கேட்கிற நொடியில் போர்ட் அப்பில் இருந்தால் கோடு நேராகத்தான் போகும். காட்டிக்கொடுத்தது ட்ராப்தான், ரூட்டர் தானாக அனுப்பும் தகவல். அதுவும் போய்ச் சேர்ந்ததா என்று பார்க்காத யூடிபியில் வருவது, வழியில் தொலைந்தால் தொலைந்ததுதான். உண்மையில் இருநூறுக்கும் மேலேயே விழுந்து எழுந்திருக்கும்.

தம்பி ரூட்டருக்குள் போய்ப் பார்த்தான். சிஆர்சி எரர், அதாவது சிதைந்து வரும் டேட்டாவின் எண்ணிக்கை, ஏறிக்கொண்டிருந்தது. "ஒளி மைனஸ் 21 டிபிஎம்தான் வருது அண்ணா" என்றான். ஃபைபர் ஒளியை வாங்கும் எல்எக்ஸ் மாட்யூலுக்கு மைனஸ் 19 தான் கீழ் எல்லை, அதற்கும் கீழே என்றால் ஒளி போதாது. எங்கோ ஃபைபர் மடங்கியிருக்கும், இல்லை ஜாயின்ட் போயிருக்கும். டிக்கெட் போட்டாயிற்று, ஃபீல்டு ஆட்கள் காலையில் போவார்கள், பிரைமரி நன்றாக இருக்கிறது. மியூட் செய்யச் சொன்னதில் தவறில்லை, இதை இன்றும் சொல்வேன். இருநூறு மெயிலுக்கு நடுவில் வேறொரு கிளையின் நிஜமான அலாரம் மூழ்கிப் போயிருந்தால் யார் பதில் சொல்வது?

ஆனால் மியூட் பெட்டியில் தானாக ஒரு மணி நேரம் என்றுதான் இருக்கும். அதை எட்டு மணியாக்கச் சொன்னது நான்.

3.10க்கு பேக்கப் மொத்தமாகப் படுத்துவிட்டது. எங்களுக்குத் தெரியவில்லை. 4.25க்கு பிரைமரி போனது. பேக்கப் தாங்கும் என்று நினைத்து முடிப்பதற்குள் ரூட்டரே பதில் சொல்லவில்லை. அப்புறம்தான் மியூட் பட்டியலைத் திறந்தோம். பில் அடிக்க முடியாமல் லாரிகள் கேட்டிலேயே நிற்பதாகக் கிளையிலிருந்து ஒருவர் கூப்பிட்டார். கத்தவில்லை. "பால் சார்... பால்" என்றார். எனக்கு அது போதுமாக இருந்தது. லிங்க் திரும்ப எழ ஒன்றேகால் மணி நேரம்.

ஒரு மணி நேரம் மட்டும் போட்டிருந்தால் 2.30க்கு மியூட் விலகியிருக்கும். 3.10க்கு சிவப்பு எரிந்திருக்கும். ஸ்டாண்ட்பை ஆளை எழுப்பி அனுப்ப 75 நிமிடம் கையில் இருந்திருக்கும். சரி, 2.30க்கு மறுபடி ஃபிளாப் மெயில் கொட்டியிருக்குமே, அப்போது என்ன செய்திருப்பேன்? இன்னொரு தடவை மியூட்தான் சொல்லியிருப்பேன். இந்த இடத்துக்கு வந்ததும் கணக்கு நின்றுவிடுகிறது. அவன் வெறும் நேரத்தைத்தான் கேட்டானா, "அவ்வளவு நேரம் போடலாமா" என்று கேட்டானா, அதுவும் தெரியவில்லை. நான் திரும்பி அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

மீட்டிங்கில் நான்தான் சொன்னேன் என்று ஒப்புக்கொண்டேன். ஆனால் ரிப்போர்ட்டில் "இரவுப் பணியில் அலாரம் மியூட் செய்யப்பட்டிருந்தது" என்று எழுதியதும் நானேதான். யார் செய்தது என்று அந்த வரியில் இல்லை. கூடவே இணைத்த லாகில் இருக்கிறது, அவனுடைய ஐடி. மீட்டிங்கில் பேசியதை யாரும் கோப்பில் வைப்பதில்லை. திருத்தி அனுப்பியிருக்கலாம். அனுப்பவில்லை. அவனும் கேட்கவில்லை.

இப்போது புதிதாக வருகிறவர்களிடம் ஒரு மணி நேரத்துக்கு மேல் மியூட் போடாதீர்கள் என்று சொல்லித்தான் உட்கார வைக்கிறேன். போன செவ்வாய்க்கிழமை ரோட்டுக்குத் தோண்டியதில் ஒரு கேபிள் அறுந்தது. சரிசெய்ய எப்படியும் விடிந்துவிடும். அதே தம்பிதான் பக்கத்தில் இருந்தான். "எத்தனை மணி வரைக்கும்?" என்றான். "ஆறு மணி நேரம் போடு" என்றேன். இந்த முறை திரும்பிப் பார்த்தேன். அவன் திரையைப் பார்த்துக்கொண்டு ஆறு என்று அடித்துக்கொண்டிருந்தான்.