மூன்றாங்கட்டுக்கு வி-லான் போன கதை

இன்றைக்கு மத்தியானம்தான் முடிந்தது. ஒரு நாள் வேலை என்று வாய் தவறிச் சொல்லிவிட்டு எட்டு நாள் இழுத்துவிட்டேன். இதே வேலையில் யாராவது மாட்டினால் என் அளவுக்கு அலைய வேண்டாமே என்றுதான் சூட்டோடு சூடாக எழுதி வைக்கிறேன்.

கானாடுகாத்தானில் ஒரு பெரிய வீடு. முகப்பு ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். மூன்றாங்கட்டில், அதாவது வீட்டின் பின்பகுதியில், நாலு அறைகளை விருந்தினருக்கு விடப் போகிறார்கள். ரவுட்டரும் நெட்வொர்க் ஸ்விட்சும் முகப்பில் இருக்கின்றன. ஒரே வயரில் தனித்தனி நெட்வொர்க்குகளை ஓட்டுவதற்குப் பெயர் வி-லான். கணக்குப் பார்க்கும் கணினிக்கு வி-லான் 10, விருந்தினர் வைஃபைக்கு 20, கேமராக்களுக்கு 30. மூன்றையும் பின்கட்டில் இருக்கும் ஒரே ஆக்சஸ் பாயின்டுக்கு (வைஃபை பரப்பும் பெட்டி) டேக் போட்டு, அதாவது ஒவ்வொரு தரவுப் பாக்கெட்டிலும் வி-லான் எண்ணை ஒட்டி, அனுப்ப வேண்டும். வயர் இழுக்க விட்டிருந்தால் இதை எழுதவே தேவை வந்திருக்காது.

வீட்டுக்கார அண்ணன் முதல் நாளே கறாராகச் சொல்லிவிட்டார். "தம்பி, சுவத்துல துளை போடக் கூடாது. தூண்ல ஒரு ஆணி எறங்குச்சுன்னா ஆச்சி உன்னையும் என்னையும் சேத்து வெளிய அனுப்பிரும்." அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. கையை வைத்தால் வழுக்கும் அந்தச் சுண்ணாம்புப் பூச்சை இன்றைக்கு யார் திருப்பிப் பூசுவது? வைஃபையை மட்டும் நம்பலாம் என்று பார்த்தால், சிக்னல் பட்டாலை என்கிற கூடத்தைத் தாண்டுவதற்குள் மூச்சு வாங்கியது. கடைசியில் பவர்லைன் அடாப்டர். கரண்டு போகிற வயரிலேயே நெட்டும் போகட்டும்.

முதல் நாள் முழுக்கக் கரண்டோடு மல்லுக்கட்டியதில் போனது. வீடு மூன்று பங்காளிகளுக்குச் சொந்தம், மீட்டரும் மூன்று. பின்கட்டின் பாதி, இளையவர் மீட்டரில் ஓடுகிறது. அங்கே செருகினால் இணைப்பே வரவில்லை. எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டு, எந்தப் பிளக் எந்த மீட்டர் என்று சாக்பீஸால் குறித்து, முகப்பு இருக்கும் அதே மீட்டர், அதே ஃபேஸில் ஒரு பாயின்டைக் கண்டுபிடித்தோம். ஸ்பைக் பஸ்டரில் செருகாதீர்கள், யூபிஎஸ்ஸுக்குப் பின்னால் செருகாதீர்கள், நேராகச் சுவர் பிளக்கில் செருகுங்கள். ஜோடி சேர்க்கும் பட்டனை அழுத்தியதும் மூன்று விளக்கும் பச்சை.

அந்தப் பச்சையைத்தான் நம்பி ஏமாந்தேன்.

லேப்டாப்பை மூன்றாங்கட்டு அடாப்டரில் சொருகினால் டேக் இல்லாத நெட்வொர்க் ஜோராக வருகிறது. பிங் போகிறது, வீடியோ ஓடுகிறது. ஆக்சஸ் பாயின்டைச் சொருகினால் விருந்தினர் வைஃபையில் போன் ஐபி முகவரிக்காகச் சுற்றிச் சுற்றி நிற்கிறது. 10 இல்லை, 20 இல்லை, 30 இல்லை. ஸ்விட்சில் மூன்று வி-லானையும் சேர்த்து அனுப்பும் டிரங்க் போர்ட்டை அழித்து எழுதினேன். ஆக்சஸ் பாயின்டை ரீசெட் செய்தேன். ஐபி முகவரி கொடுக்கும் ரவுட்டரின் டிஹெச்சிபியைச் சந்தேகப்பட்டேன். இரண்டு நாள் இப்படியே போயிற்று. ஆக்சஸ் பாயின்டைத் தூக்கிக்கொண்டு முகப்புக்கு வந்து, ஒரு முழ வயரில் நேராக ஸ்விட்சில் மாட்டிப் பார்க்க மூன்றாம் நாள்தான் தோன்றியது. மாட்டிய நொடியில் மூன்று வி-லானும் வேலை செய்தன. அதை முதல் நாளே செய்திருக்க வேண்டும்.

சரி, குற்றவாளி அடாப்டர்தான் என்று தெரிந்துவிட்டது. வாங்கிய கடைக்குப் போன் போட்டேன். "சார், அது பிளக் அண்ட் ப்ளே. செருகுனா வேலை செய்யும்." வி-லான் என்றேன். "வைஃபை லானா சார்?" என்றார். கம்பெனி உதவி எண்ணில் இன்னும் மோசம். ரீசெட் பட்டனைப் பத்து நொடி அழுத்துங்கள் என்று மூன்று பேர் மூன்று தடவை சொன்னார்கள். அழுத்தினேன். திரும்பவும் பச்சை, திரும்பவும் பழைய கதை. மாற்றித் தருகிறோம் நேரில் வாருங்கள் என்று கடைக்காரர் சொன்னதை நம்பி, காரைக்குடியில் பஸ் ஏறி மதுரைக்குப் போனேன். அதே மாடலில் வேறொரு ஜோடியைத் தந்தார். போக வர ஒரு நாள் காலி, பலன் பூஜ்யம். பழைய ஜோடி போலவே இதற்கும் உருண்டைக் கம்பி வைத்த வெளிநாட்டு இரண்டு முனை பிளக். ஏதோ அயல்நாட்டு இணைய சேவைக்காரனுக்காகச் செய்து மிஞ்சிய சரக்கு என்று அந்தப் பிளக்கே கத்திச் சொல்லியது. என் காதில்தான் விழவில்லை.

பாக்கெட்டைப் பிடித்துப் பார்ப்பது என்று அன்று ராத்திரிதான் முடிவு செய்தேன். இங்கேயும் ஒரு பள்ளம் இருக்கிறது. அண்ணன் மகனின் விண்டோஸ் லேப்டாப்பில், பாக்கெட்டைத் திறந்து காட்டும் வயர்ஷார்க்கைப் போட்டால் எதிலும் டேக் தெரியவில்லை. நிறைய நெட்வொர்க் கார்டு டிரைவர்கள் டேக்கை உரித்துவிட்டுத்தான் மேலே தரும். இதை மறந்து, ஸ்விட்சே டேக் போடவில்லை என்று ஒரு சாயங்காலம் முழுக்க அதைத் திட்டிக்கொண்டிருந்தேன். அப்புறம் என் லினக்ஸ் லேப்டாப்பில், அதே வேலை செய்யும் டிசிபிடம்ப். முகப்பில், வேறு போர்ட்டில் போவதை நகலெடுத்துக் காட்டும் ஒரு மிரர் போர்ட்டில் பார்த்தால், டேக்கின் அடையாளமான 8100 என்று வந்து, பக்கத்திலேயே 0014. ஒரு கணம் பகீர் என்றது, நான் எங்கே 14 கொடுத்தேன்? பதினாறு பதினாறாக எண்ணும் ஹெக்ஸ் எண்ணில் 14 என்றால் நமக்கு 20. ஆக, விருந்தினர் பாக்கெட் சரியாகத்தான் கிளம்புகிறது. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு நடுமுற்றம் இருக்கும் வளவைத் தாண்டி மூன்றாங்கட்டுக்குப் போய்ப் பார்த்தால் டேக் போட்ட பாக்கெட் ஒன்றுகூட வந்து சேரவில்லை. வழியிலேயே அடாப்டர் தின்றுவிடுகிறது.

டேக் என்பது கூடுதலாக நாலு பைட்தான். அது ஒன்றும் தெரியாமல் அப்படியே கடத்திவிடும் அடாப்டர்களும் உண்டு. எனக்கு வாய்த்தது பட்டியல் பார்த்து ஆள் அனுப்பும் ரகம். பட்டியலில் பெயர் இல்லாத வி-லானுக்குக் கதவு கிடையாது. அந்தப் பட்டியலைத் திறக்கப் பிரவுசர் பக்கம் இல்லை, ஆப் இல்லை, ஏன், பெட்டிக்கு ஐபி முகவரியே இல்லை. அதோடு பேச வேண்டுமானால் 88இ1 என்ற ஈதர்டைப்பில் (பாக்கெட்டின் வகை எண்), பெட்டியோடு பிறந்த மேக் முகவரிக்கு நேராகப் பேச வேண்டும்.

அதற்கு இருக்கவே இருக்கிறது ஓப்பன் பிஎல்சி யூட்டில்ஸ் என்ற மென்பொருள். குவால்காம் ஏதெரோஸ் சிப் உள்ள அடாப்டருக்குத்தான் அது செல்லும், வேறு சிப் என்றால் நேரத்தை வீணாக்காதீர்கள். இறக்கி, 'மேக்' என்ற கட்டளையால் தொகுத்து (மேக் முகவரி வேறு), நிறுவப் பத்து நிமிடம். எல்லாவற்றையும் சூடோ போட்டு, நிர்வாகி உரிமையோடு ஓட்டுங்கள், இல்லாவிட்டால் அனுமதி இல்லை என்று மூஞ்சியில் அறையும். முதலில், அடாப்டர்களைப் பட்டியலிடும் பிஎல்சிஸ்டாட் கட்டளையை அடித்தேன். பக்கத்துப் பெட்டி, தூரத்துப் பெட்டி இரண்டும் மேக் முகவரியோடும் வேகத்தோடும் வரிசையாக வந்து நின்றன. எட்டு நாளில் முதல் சந்தோஷம் அதுதான்.

வி-லான் பட்டியலுக்கு என்று தனியாக ஒரு கட்டளை அதிலேயே இருக்கிறது, பெயர் பிஎல்சிஎஃப்டபிள்யூடி. முதலில் உதவித் திரையை முழுதாகப் படியுங்கள். நான் படிக்காமல் கையை வைத்து மூன்று இடத்தில் சூடு பட்டேன்.

இருக்கிற பட்டியலைக் கேட்டதும் நான் கண்ணால் பார்த்திராத இரண்டு எண்கள் வந்தன. அந்த அயல்நாட்டு இணைய சேவைக்காரனின் எண்களாக இருக்க வேண்டும். ரீசெட் பட்டனை அழுத்த அழுத்த அதே எண்களுக்குத்தான் அது திரும்பிக்கொண்டிருந்திருக்கிறது. சரி என்று 10, 20, 30 என மூன்றையும் ஒவ்வொன்றாகக் கொடுத்தேன். கடைசியில் பட்டியலைத் திரும்பக் கேட்டால் 30 மட்டும் உட்கார்ந்திருக்கிறது. சேர்ப்பது ஒரு ஆப்ஷன், புதிதாக எழுதுவது இன்னொரு ஆப்ஷன். நான் பிடித்தது இரண்டாவது. ஒவ்வொரு தடவையும் முந்தையதை அழித்து எழுதியிருக்கிறேன்.

அடுத்தது முகவரிக் குழப்பம். வயரில் நேராக மாட்டியிருக்கும் அடாப்டரைக் கூப்பிட 00:பி0:52:00:00:01 என்று ஒரு பொது முகவரி உண்டு. வசதியாக இருக்கிறதே என்று, இரண்டு அடாப்டரையும் மேசைமேல் ஒரே ஸ்விட்சில் மாட்டிவிட்டு அந்த முகவரிக்குக் கட்டளை அனுப்பினேன். இரண்டும் சேர்ந்து பதில் சொல்லின. எந்தப் பெட்டியில் என்ன எழுதினேன் என்று எனக்கே தெரியாமல் போனது. ஸ்டிக்கரில் இருக்கும் முழு மேக் முகவரியைப் பார்த்து, ஒரு நேரத்தில் ஒரு பெட்டி என்று செய்யுங்கள். இரண்டு பெட்டியிலும் எழுத வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள். ஒரு பக்கம் மட்டும் எழுதினால் போனின் கேள்வி போகும், பதில் திரும்பாது.

நேற்று சாயங்காலம் எல்லாம் ஓடியது. அண்ணன் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு காபி கொடுத்தார். ராத்திரி எட்டரைக்குக் கரண்டு போய் வந்தது. எட்டு நாற்பதுக்கு அவரிடமிருந்து போன், "தம்பி, பழையபடி சுத்துது". எழுதியது தற்காலிக நினைவில்தான் இருந்திருக்கிறது. நிரந்தரமாகச் சேமிக்கத் தனியாகக் கட்டளை கொடுக்க வேண்டும். அந்த ஒரு வரிக்காக இன்று காலையில் மறுபடி ஓடினேன்.

போன கையோடு இன்னொன்றும் செய்தேன். அடாப்டர்களின் நெட்வொர்க் கடவுச்சொல், வாங்கும்போது வரும் ஹோம்பிளக்ஏவி என்பதாகவே இருந்தால், ஒரே வயரிங்கில் வேறு யார் அடாப்டர் செருகினாலும் உள்ளே வந்துவிடலாம். பட்டனை அழுத்தி ஜோடி சேர்த்தால் அது மாறிவிடும், ஆனால் நான்தான் பத்து தடவை ரீசெட் அடித்திருக்கிறேனே. மூன்று பங்காளி வீட்டில் இதை விட்டுவைப்பது வம்பு. புதிதாக ஒன்று வைத்தேன்.

அப்புறம் கரண்டு போகட்டும் என்று காத்திருக்காமல் நானே போய் மெயினை இறக்கினேன். அடுப்படியிலிருந்து ஆச்சி குரல் கொடுத்தார், "யாரப்பா அது, மாவு பாதில நிக்கிது!" ஒரு நிமிடம் பொறுத்து ஏற்றினேன். பச்சை விளக்கை ஏறிட்டும் பார்க்கவில்லை. நேராக மூன்றாங்கட்டுக்குப் போய், போனை விருந்தினர் வைஃபையில் சேர்த்தேன். 192.168.20 என்று தொடங்கும் முகவரி வந்தது. கேமராவும் வந்தது, கணினியும் வந்தது.

"இப்பப் போடலாமா?" என்று கேட்டார் ஆச்சி. போடுங்க ஆச்சி என்றேன். கிரைண்டர் சுற்ற ஆரம்பித்ததும் பிஎல்சிஸ்டாட்டில் வேகம் பாதிக்கும் கீழே விழுந்தது. மோட்டார் கிளப்பும் இரைச்சல். அதை அண்ணனிடம் இன்னும் சொல்லவில்லை.