கூரை போட்டும் ஈரம்

ஆரியங்காவுக் கணவாய் வழியாக மழை இறங்கிவிட்டால் செங்கோட்டையில் எங்கள் வீட்டு ஹாலில் துணிக்கொடி ஏறிவிடும். கொடி சரியாக டிவிக்குக் குறுக்கே போகும். நேற்று 2023 ஜூலை 3, லண்டனில் விம்பிள்டன் டென்னிஸ் முதல் நாள். ஜோகோவிச்சைப் பாதி நேரம் அம்மாவின் சேலைக்கு இந்தப் பக்கமும் மீதி நேரம் அந்தப் பக்கமுமாக எட்டி எட்டித்தான் பார்த்தேன். காலரியில் உட்கார்ந்து பார்க்கிறவனுக்குக் கூட இப்படிக் கழுத்து வலித்திருக்காது.

அங்கே பெரிய மைதானமான சென்டர் கோர்ட்டில் ஆட்டம் நமக்குச் சாயங்காலம் 6 மணி. சீரியல் 7 மணி. நடுவில் உள்ள ஒரு மணி நேரம்தான் எனக்குப் பட்டா போட்டுக் கொடுத்தது. அது தெரிந்தவர்போல ஜோகோவிச்சும் முதல் செட்டை 6-3 என்று அர்ஜென்டினாக்காரர் கச்சினிடம் விறுவிறுவென்று முடித்தார். உடனே பிடித்துக்கொண்டது மழை. அங்கேயுமா என்று கேட்காதீர்கள், அங்கேயும்தான்.

விம்பிள்டன்காரர்கள் 2009லேயே சென்டர் கோர்ட்டுக்குக் கூரை போட்டுவிட்டார்கள். இழுத்து மூடவும் செய்தார்கள். ஆனால் மூடுவதற்குள் நனைந்த புல் காயவே மாட்டேன் என்கிறது. தெருவில் சருகு தள்ளுகிற ஊதும் மெஷினைக் கொண்டுவந்து புல்லுக்குக் காற்றடிக்கிறார்கள். கோடிக்கணக்கில் செலவழித்த மைதானத்தில், ஈர விறகோடு அடுப்படியில் மல்லுக்கட்டுகிற மாதிரி.

"கூரை போட்டுமால ஒழுகுது? நம்ம கொத்தனாரு அங்கயும் போயிட்டானா?" என்றாள் அம்மா.

நம்ம கொத்தனாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். சித்திரையில் மாடி பூசினார். அதற்கு முன் வீட்டில் பரவலாக ஒழுகிக்கொண்டிருந்த தண்ணீரை ஒரே இடத்தில் ஒழுகும்படி ஒழுங்குபடுத்திக் கொடுத்தவர் அவர்தான். அந்த இடம் என் நாற்காலிக்கு நேர் மேலே. எப்போது போன் போட்டாலும் "புனலூர்ல நிக்கேன் அண்ணாச்சி, நாளைக்கு வாரேன்" என்பார். ஒருநாள் அவர் குரலுக்குப் பின்னால் செங்கோட்டை பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர் தென்காசிக்கு ஆள் ஏற்றுவது தெளிவாகக் கேட்டது. நான் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் நிஜமாகவே புனலூருக்குப் போய்விடுவார்.

இந்த நேரம் பார்த்து ஜோகோவிச் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு வந்து, சிரித்துக்கொண்டே புல்லைத் துடைக்க ஆரம்பித்தார். கூட்டம் ஆரவாரம் செய்தது. அம்மா செய்யவில்லை.

"ஏல, எத்தனை கப்புன்னு சொன்ன அவன்?"

"23 கிராண்ட்ஸ்லாம்."

"23 கப்பு வாங்குனவன் தரையைத் துடைக்கான். நீ வாளியைக் கூட மாத்தி வைக்க மாட்டங்க!"

அப்புறம் என்ன, பழைய வேட்டியோடு குனிந்தவன் நிமிர்ந்தபோது திரையில் மாமியாரும் மருமகளும் முறைத்துக்கொண்டிருந்தார்கள். ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் கழித்து ஆட்டம் தொடர்ந்ததும், 6-3, 7-6 என்று மற்ற இரண்டு செட்டும் முடிந்ததும் எனக்குப் போனில் வந்த தகவல்.

அப்பா இருந்தால் சீரியல் ஜெயித்திருக்காது. ராமநாதன் கிருஷ்ணன் 1960, 1961 இரண்டு வருஷமும் விம்பிள்டன் அரையிறுதி வரை போனவர், பிறந்தது நாகர்கோவில். "அப்ப நாகர்கோவிலும் திருவிதாங்கூர், செங்கோட்டையும் திருவிதாங்கூர். அவரு நம்ம ஊர்க்காரருடே" என்பார் அப்பா. நடுவில் இருக்கிற நூத்திச் சொச்சம் கிலோமீட்டர் அவருக்கு ஒரு பொருட்டே இல்லை.

இன்றைக்கும் அதே மழை. லண்டனில் கூரை இல்லாத கோர்ட்டுகளில் ஆட்டம் பெரும்பாலும் போச்சு. 6 மணிக்கு அம்மா தானாகவே கொடியில் சேலையை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்தாள். பெடரருக்குப் பாராட்டு. கோட்டு சூட்டோடு ராயல் பாக்ஸில் வேல்ஸ் இளவரசிக்குப் பக்கத்தில் நிற்கிறார். மொத்தக் கூட்டமும் எழுந்து கைதட்டுகிறது, நிறுத்தவே இல்லை.

"இவன் ஏன் ஆடல?"

"ரிட்டயர் ஆயாச்சும்மா, போன வருஷமே. இங்க மட்டும் 8 தடவை ஜெயிச்சவரு."

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. "உங்கப்பாவும் மாலையைப் போட்டதும் கையை எங்க வைக்கன்னு தெரியாம இப்படித்தாம்ல நின்னாரு" என்றாள்.

7 மணி அடித்தது. ரிமோட் அவள் மடியில்தான் இருந்தது. எடுக்கவில்லை. மேலேயிருந்து ஒரு சொட்டு என் மண்டையில் விழுந்தது. வாளியை நகர்த்திவிட்டு நானும் பேசாமல் உட்கார்ந்தேன்.