கீலிங் டேட்டாவும் பிளாட் ஃபங்ஷனும்

பைத்தான்ல கிராஃப் போட எதுல இருந்து ஆரம்பிக்கலாம்னு யாராவது கேட்டா, நான் கைகாட்டுறது எப்பவும் ஒரே ஃபைலத்தான். ஹவாய்ல மௌன லோவா எரிமலை மேல 1958 மார்ச்ல இருந்து காத்துல எவ்ளோ கார்பன் டை ஆக்சைடு இருக்குன்னு அளந்துட்டு வராங்க, ஆரம்பிச்சு வெச்சவர் சார்லஸ் டேவிட் கீலிங், ஸ்க்ரிப்ஸ் கடலியல் நிறுவனம் அதோட மாசக்கணக்கை எல்லாருக்கும் ஃப்ரீயா குடுக்குது. பைத்தான்ல கிராஃப் போடுற லைப்ரரியான மேட்பிளாட்லிப்பை எழுதுன ஜான் ஹன்ட்டரும் வலிப்பு நோயாளிகளோட மூளை சிக்னலைப் பாக்குறதுக்குத்தான் அதை எழுத ஆரம்பிச்சார், அதனால இந்த மாதிரி நிஜ டேட்டாவை வெச்சு கத்துக்குறதுதான் சரின்னு எனக்குப் படுது.

மேட்பிளாட்லிப்ல கோடு வரையுற பிளாட் ஃபங்ஷனுக்கு ஒய் மட்டும் குடுத்தீங்கன்னா எக்ஸுக்கு அதுவே 0, 1, 2ன்னு நம்பர் போட்டுக்கும், வருஷம் தெரியாது. ஃபைல்ல தசம வருஷத்துக்குன்னே (மாசத்தையும் தசமமா சேத்து எழுதுன வருஷம்) ஒரு column இருக்கு, அதை எக்ஸா குடுங்க. குடுத்துட்டு ரன் பண்ணா கோடு 315 பிபிஎம் (பத்து லட்சத்துல எத்தனை பங்குங்கிற அளவு) பக்கத்துல போயிட்டு இருக்கும்போதே திடீர்னு ஜீரோவுக்குக் கீழ விழும், திரும்ப ஏறும். ஏன்னா அளவு இல்லாத மாசத்துக்கு அவங்க -99.99னு போட்டு வெச்சிருக்காங்க, அதுவும் ஒரு அளவுதான்னு நெனச்சு ஃபங்ஷன் வரைஞ்சிருது.

இங்கதான் நிறைய பேர் அந்த வரிசையையே டெலீட் பண்ணிடறாங்க. தயவுசெஞ்சு பண்ணாதீங்க. டெலீட் பண்ணா 1964 ஜனவரியையும் மே மாசத்தையும் நேர்கோட்டுல இணைச்சு, நடுவுல எல்லாம் அளந்த மாதிரி காட்டிரும். அதுக்குப் பதிலா -99.99ஐ NaN (நாட் எ நம்பர், அதாவது மதிப்பு இல்லை) ஆக்குங்க, கோடு அங்க அறுந்து நிக்கும். அந்த பிப்ரவரி, மார்ச், ஏப்ரல்ல அளவு நின்னு போனதுக்குக் காரணம் பட்ஜெட் வெட்டு. வருஷா வருஷம் மே மாச உச்சத்துக்கு ஏறுற ஏத்தமே அந்த வருஷம் பதிவாகல. கிராஃப்ல அந்த ஓட்டை தெரிஞ்சே ஆகணும்னு நான் அடிச்சு சொல்லுவேன். நிரப்புன மதிப்புக்கு ஃபைல்லயே தனி column இருக்கு, வேணும்னா அதை ஆல்ஃபா (கோடு எவ்ளோ அழுத்தமா தெரியணும்ங்கிற அளவு) குறைச்சு மங்கலா, புள்ளிக்கோடா பின்னாடி போட்டுக்கலாம்.

இதே மாதிரி 2022 நவம்பர் கடைசில எரிமலை வெடிச்சு கரண்ட் போனப்போ கொஞ்ச மாசம் பக்கத்து எரிமலையான மௌன கேயாவுல அளந்தாங்க. அந்த மாசங்களை வேற கலர்ல போட்டு லெஜண்ட்ல (எந்தக் கலர் எதுன்னு சொல்ற கட்டம்) பேர் குடுத்துட்டா படிக்கிறவங்களுக்கு ஒரு பார்வையிலேயே புரிஞ்சிரும், அதுக்கு ரெண்டாவது தடவை பிளாட் கூப்பிட்டாப் போதும், அதே சட்டத்துக்குள்ளயே வந்து உக்காந்துக்கும்.

ஒய் அச்சை ஜீரோல இருந்து ஆரம்பிக்கணுமான்னு ஒரு சண்டை எப்பவும் வரும். பார் சார்ட்டுக்குக் கண்டிப்பா ஜீரோ, ஆனா இது கோடு. வருஷத்துக்குள்ள ஏறி இறங்குறது சுமார் 6 பிபிஎம்தான், ஜீரோல இருந்து போட்டா அந்தப் பல்லுப்பல்லான வடிவமே நசுங்கிரும், தாவரங்க மூச்சு விடுறதையே அழிச்ச மாதிரி. 310ல ஆரம்பிங்க, ஃபிகர் சைஸையும் நல்லா அகலமா வைங்க, 12க்கு 4 எனக்குப் புடிக்கும்.

அப்புறம் தமிழ் லேபிள். டிஃபால்ட் ஃபான்ட்ல தமிழே கிடையாது, வெறும் கட்டம் கட்டமாத்தான் வரும். நோட்டோ சான்ஸ் தமிழ்ங்கிற ஃபான்ட்டுக்கு மாத்தினாலும் நான் வெச்சிருக்குற வெர்ஷன்ல 'செறிவு'ன்னு போட்டா கொம்பு சகரத்துக்கு முன்னாடி வராம பின்னாடி போய் ஒட்டிக்குது, அப்படியே ரிப்போர்ட்ல போட்டா பாக்கவே மனசு கேக்காது. இதுக்கு எஸ்விஜி ஃபான்ட் டைப்ங்கிற (svg.fonttype) செட்டிங்கை 'none'னு மாத்திட்டு எஸ்விஜிங்கிற பட ஃபைலா சேவ் பண்ணுங்க, எழுத்து படமா மாறாம எழுத்தாவே இருக்கும், பிரவுசர்ல திறந்தா அதுவே கொம்பைச் சரியான இடத்துல போட்டுக்கும்.