தடம் போகும் இடம்: தார் பாலைவன நாட்குறிப்பு

பிப்ரவரி 11, 2023, சனி. ஜெய்சால்மர்

ரயிலில் பார்சலாக வந்த வண்டியை ஜோத்பூரில் எடுத்துக்கொண்டு, மாலைக்குள் ஜெய்சால்மர் வந்துவிட்டேன். ஏறக்குறைய 280 கிலோமீட்டர். இந்த நெடுஞ்சாலையைப் பற்றி எழுத அதிகம் இல்லை. நேராகப் போகிறது, ராணுவ லாரிகள் வருகின்றன, பொக்ரானில் தேநீர் நன்றாக இருக்கிறது.

வண்டி எக்ஸ்பல்ஸ் 200 பைக். தனியாக மணலுக்குள் போகிறவன் எஞ்சின் பலத்தைப் பார்க்கக் கூடாது, எடையைப் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. விழுந்தால் தூக்கிவிட இரண்டாவது ஆள் கிடையாது. இது ஏறக்குறைய 160 கிலோ. மூச்சைப் பிடித்தால் ஒருவனே நிமிர்த்திவிடலாம். முன்சக்கரம் 21 அங்குலம் என்பதால் மணலில் கொஞ்சம் மிதக்கும். சாமான்களையும் கழித்துக்கட்டிவிட்டேன். இரண்டு டியூப், டயர் நெம்பிகள், காற்றடிக்கும் பம்ப், கிளட்ச் கேபிள், செயின் இணைப்பு, ஆறு லிட்டர் தண்ணீர், ஒரு போர்வை. மாற்றுடை பெயருக்குத்தான்.

அறை ஜன்னலிலிருந்து கோட்டை தெரிகிறது. 1156இல் ராவல் ஜெய்சல் கட்டியது. இன்றும் உள்ளே குடும்பங்கள் வாழ்கின்றன. கொத்தளத்தின் மேல் யாரோ போர்வை காயப்போட்டிருக்கிறார்கள்.

பிப்ரவரி 12, ஞாயிறு. கூரி

காலையில் முதலில் ஆகல். ஊரிலிருந்து 17 கிலோமீட்டர், பார்மர் சாலையில். 18 கோடி ஆண்டுகளுக்கு முந்திய மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. தகரக் கொட்டகை போட்டு வைத்திருக்கிறார்கள். இங்கே அப்போது கடலோரக் காடு இருந்திருக்கிறது. அடிமரத்தின் பட்டை வரிகூடத் தெரிகிறது. பத்து நிமிடம் பார்ப்பதாக நினைத்துப் போய் ஒரு மணி நேரம் நின்றுவிட்டேன்.

அங்கிருந்து மேற்கே திரும்பி, கிராமத்துத் தடங்களைப் பிடித்துக் கூரிக்கு. முதல் சில கிலோமீட்டர் சரளைக்கல். பிறகு மணல் தொடங்கியது. நிறுத்தி, டயர் காற்றை 28இலிருந்து 16க்கு இறக்கினேன். டயர் தட்டையாகிப் பரந்து உட்கார்ந்தால்தான் மணல் தாங்கும். அதற்கும் கீழே இறக்கினால் ரிம்மில் டயர் நழுவி டியூபின் கழுத்தை அறுத்துவிடும்.

மணலில் ஓட்டுவது உள்ளுணர்வுக்கு நேர் எதிரான வேலை. பயந்தால் கை தானாக வேகத்தைக் குறைக்கிறது. குறைத்த உடனே எடை முன்னால் வந்து முன்சக்கரம் புதைகிறது. எழுந்து நின்று, இடுப்பைப் பின்னுக்குத் தள்ளி, இரண்டாவது கியரில் சீராகத் திருகிக்கொண்டே போக வேண்டும். முன்சக்கரம் இப்படியும் அப்படியும் அலையும், அலையட்டும். கைப்பிடியை இறுக்கிப் பிடித்து நேராக்கப் போனால் விழ வேண்டியதுதான். முழங்காலால் டாங்கை அணைத்துத் திருப்ப வேண்டும். உடன்குடிப் பக்கத்துத் தேரிக்காட்டில் பழகியிருக்கிறேன் என்பதால் இந்தப் பாடம் உடம்பில் இருந்தது. ஆனாலும் தேரிச் செம்மணல் வேறு, இது வேறு. இது மாவு போலச் சலித்த மணல். நேரத்துக்கு நேரம் குணம் மாறுகிறது: காலைக் குளிரில் இறுகியிருந்தது, பகல் 11 மணிக்கு மேல் பொலபொலவென்று ஆகிவிட்டது.

கூரியில் தங்கிய இடம் சாணம் மெழுகிய வட்டக் குடிசை. கம்பு ரொட்டியும் கேர் சாங்ரியும். சாங்ரி என்பது நம் ஊர்ச் சிவன் கோவில்களில் நிற்கும் அதே வன்னி மரத்தின் காய். நாம் சுற்றி வந்து கும்பிடுவதை இவர்கள் வதக்கித் தின்கிறார்கள். இரண்டும் மரத்துக்கு மரியாதைதான்.

பிப்ரவரி 13, திங்கள். சம்

கூரியிலிருந்து சம் வரை வடக்கே போகும் பகுதி பாலைவனத் தேசியப் பூங்காவுக்குள் வருகிறது. 3,162 சதுர கிலோமீட்டர். பூங்கா என்றால் வேலி போட்ட காடு என்று நினைக்க வேண்டாம். உள்ளே ஊர்கள் இருக்கின்றன, ஆடுகள் மேய்கின்றன, பள்ளிக்கூடம்கூட உண்டு. வேலி போட்டிருப்பது சுதாசரி போன்ற சில அடைப்புகளுக்குத்தான். கானமயில் முட்டையிடும் இடங்கள் அவை.

இந்தப் பறவைகள் நூற்றைம்பதுக்கும் குறைவாகவே மிஞ்சியிருப்பதாகக் கணிக்கிறார்கள். பெரும்பாலும் தரையில், கூடு என்று சொல்லவே முடியாத ஒரு பள்ளத்தில், ஒரே ஒரு முட்டை. தடத்தை விட்டு விலகிப் புல்லுக்குள் வண்டியை விடுவது வீரம் என்று நினைக்கிறவர்கள் இதை ஒருமுறை யோசிக்கலாம். நான் மாட்டுவண்டித் தடத்தை விட்டு ஓர் அடி நகரவில்லை. பறவை கண்ணில் படவில்லை. பட்டது முழுக்க உயர் அழுத்த மின்கம்பிகள். கானமயிலுக்குப் பக்கவாட்டுப் பார்வை நன்றாக இருக்கும், நேர் எதிரே பார்வை குறுகல். கனத்த உடம்பு வேறு. கம்பியைக் கண்டு திரும்புவதற்குள் மோதிவிடுகிறது. கம்பிகளை மண்ணுக்குள் கொண்டுபோகச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2021இல் உத்தரவிட்டது. நான் ஓட்டிய வழியில் எல்லாம் தலைக்கு மேலேதான் போகின்றன.

சம் மணற்குன்றுகளைப் பற்றி ஒரு பத்தி போதும். ஜீப்புகள், ஒலிபெருக்கி, ஒட்டகத்துக்கு மூக்குத்தி, பிளாஸ்டிக் குவளை. ஊர் உறங்கிய பிறகு நிலா வர நேரமிருந்தது. நட்சத்திரங்களுக்காக மட்டும் அந்த இடத்தை மன்னித்தேன்.

பிப்ரவரி 14, செவ்வாய். ராம்கட்

நீண்ட நாள். எழுத நிறைய இருக்கிறது.

விடிந்ததும் ஆளில்லாத குன்றுகளில் ஒரு மணி நேரம் ஓட்டினேன். காற்று அடித்து வரும் பக்கம் சரிவு மெதுவாக, கெட்டியாக இருக்கும்; மறுபக்கம் செங்குத்தாக, காலை வைத்தால் சரியும். கெட்டிப் பக்கம் வேகமாக ஏறி, உச்சிக்குச் சற்று முன்பே வேகத்தைக் கைவிட்டு, முதுகில் நின்று எட்டிப் பார்க்க வேண்டும். பார்க்காமல் பாய்ந்தால் மறுபக்கத்தில் என்ன என்பது கடவுளுக்கும் ஆடுகளுக்கும்தான் தெரியும். நண்பகலில் இதைச் செய்யவே கூடாது. நிழலே இல்லாமல் எல்லாம் ஒரே தாளாகத் தெரியும். உச்சி எங்கே முடிகிறது என்று கண்ணால் பிரிக்க முடியாது.

பிறகு கிழக்கே காபா பக்கம் இறங்கினேன். குல்தரா, காபா எல்லாம் பாலிவால் பிராமணர்கள் 19ஆம் நூற்றாண்டில் விட்டுப்போன ஊர்கள். திவான் சாலிம் சிங்கின் கொடுமை தாங்காமல் ஒரே இரவில் கிளம்பினார்கள் என்பது கதை. சுற்றுலாக்காரர்களுக்குப் பேய்க் கதையும் சேர்த்துச் சொல்கிறார்கள். எனக்குப் பேய்களில் ஆர்வமில்லை. அந்த மனிதர்கள் விட்டுப்போன கடீன்கள்தான் வேண்டும், மண்கரை போட்டு மழைநீரைத் தேக்கிப் பயிர் செய்யும் வயல்கள்.

கைபேசி வரைபடத்தில் என் தடம் நேராக ஒரு கோடாகப் போயிற்று. போனால், குறுக்கே நீளமான மண்கரை. கரைக்கு அந்தப்பக்கம், என் கண்ணையே நம்ப முடியாத பச்சை: கொண்டைக்கடலையும் கோதுமையும். கரைமேல் நின்ற பெரியவர் தலைப்பாகையை அவிழ்த்து வீசி நிறுத்தச் சொன்னார். வண்டியை அணைத்தேன்.

“ராம் ராம், காகா சா.”

“ராம் ராம். கரைமேல் ஏறாதே தம்பி. சுற்றிப் போ.”

என் இந்தி அரைகுறை, அவருடையது மார்வாடி. இருந்தும் விஷயம் புரிந்தது. பாறைப் பாங்கான மேட்டில் விழுகிற மழை ஓடி இறங்கி இந்தக் கரையால் தடுக்கப்பட்டுத் தேங்குகிறது. தண்ணீர் மண்ணில் ஊறி வற்றிய பிறகு, ஐப்பசி கார்த்திகை வாக்கில் அந்த ஈரத்திலேயே விதைக்கிறார்கள். பாசனம் என்று தனியாக ஒன்று கிடையாது. போன பருவமழை நன்றாகப் பெய்ததால் இந்த ஆண்டு விளைச்சல். கரையில் ஒரு டயர் தடம் விழுந்தால், அடுத்த மழை அந்தத் தடத்திலேயே வழி கண்டுபிடித்துக் கரையைத் தின்றுவிடும் என்று கையால் வெட்டிக் காட்டினார்.

பாதியளவு உருட்டியும் பாதியளவு ஓட்டியும் சுற்றினேன். அவரும் கூடவே நடந்தார், காவலுக்கா துணைக்கா தெரியவில்லை. கரையின் முனையில் முன்சக்கரம் உட்கார்ந்தது. கருவேல முள், கட்டைவிரல் நீளம். நம் ஊரைக் கெடுத்த அதே சீமைக் கருவேலம் இங்கேயும் வந்து குடியேறியிருக்கிறது. மணலில் சக்கரத்தைக் கழற்றுவதற்கு வண்டியை முட்டுக்கொடுக்க ஒன்றும் இல்லை. அவர் ஒரு தட்டைக் கல்லைத் தூக்கி வந்து எஞ்சினுக்குக் கீழே கொடுத்தார். டியூப் மாற்றி முடிக்க முக்கால் மணி நேரம். அவ்வளவு நேரமும் அவர் பம்பைத்தான் கவனித்துக்கொண்டிருந்தார். கடைசியில் காற்றடிக்கும் வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

தண்ணீர் அவர் வீட்டில் குடித்தேன். பேரி என்கிற குறுகிய கிணறு. ஓர் ஆள் குந்தி இறங்கித் தோண்டும் அகலம்தான், வாயில் மரப்பலகை மூடி. மணலுக்குக் கொஞ்சம் கீழே ஜிப்சம் படலம் ஓடுகிற இடங்களில்தான் இது சாத்தியம். மழை நீர் மணலில் இறங்கி, அந்தப் படலத்தைத் தாண்டி ஆழத்து உப்பு நீரோடு கலக்க முடியாமல் ஈரமாக நின்றுவிடுகிறது. குழி தோண்டினால் அந்த ஈரம் சொட்டுச் சொட்டாகக் கசிந்து சேரும். ஒரு நாளைக்குச் சில குடங்கள். இனிப்பான தண்ணீர்.

கிளம்பும்போது வழி கேட்டேன். வரைபடத்தை மூடி வைக்கச் சொன்னார். ஆட்டுத் தடங்கள் பல சேர்ந்து ஒன்றாகத் தடித்துக்கொண்டே போனால் அது கிணற்றுக்கோ குட்டைக்கோ போகிறது. பிரிந்து மெலிந்துகொண்டே போனால் மேய்ச்சலுக்குப் போகிறது. தொலைந்துவிட்டால் தடிக்கிற பக்கம் போ, அங்கே ஆள் இருப்பார்கள். ராம்கட் வரை இதையே சோதித்துப் பார்த்தேன். தடித்த பக்கமெல்லாம் ஒரு தண்ணீர்த் தொட்டியாவது இருந்தது. இந்தப் பாலைவனத்தை வெறும்வெளி என்று எழுதுகிறவர்கள் தரையைப் பார்த்து ஓட்டியதில்லை போலும்.

பிப்ரவரி 15, புதன். தனோட்

ராம்கட்டில் டாங்கை நிரப்பினேன். தார்ச்சாலையில் லிட்டருக்கு 40 கொடுத்த வண்டி மணலில் 25ஐத் தாண்டவில்லை. இனி எல்லைப் பகுதி. தடத்தை விட்டு விலகும் பேச்சே இல்லை, சாலையில்தான்.

லோங்கேவாலா. 1971 டிசம்பர் 4 இரவு, மேஜர் குல்தீப் சிங் சாந்த்புரியின் தலைமையில் 23ஆம் பஞ்சாப் படைப்பிரிவின் 120 பேர் வரை ஒரு பாகிஸ்தான் டாங்கிப் படையை விடியும்வரை தாக்குப்பிடித்த இடம். ஜெய்சால்மரிலிருந்த ஹண்டர் விமானங்களுக்கு இரவில் தாக்கும் வசதி கிடையாது. விடிந்த பிறகே வந்தன. அதற்குள் பல டாங்கிகள் மணலில் சிக்கிக்கொண்டிருந்தன. இங்கே நிறுத்தி வைத்திருக்கும் டி-59 டாங்கி ஒன்றின் சங்கிலிச் சக்கரத்தைத் தொட்டுப் பார்த்தேன். 36 டன் கனத்தை இவ்வளவு பட்டையான சங்கிலியில் பரப்பியும் புதைந்திருக்கிறது. நான் டயரில் காற்றை இறக்கிக்கொண்டு திரிவதும் அதே கணக்குத்தான், சிறிய அளவில்.

தனோட் மாதா கோவிலை எல்லைப் பாதுகாப்புப் படையினரே நடத்துகிறார்கள். பூசையும் அவர்கள்தான். 1965 போரில் விழுந்து வெடிக்காத குண்டுகளைக் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள். வேண்டுதலுக்கு ஆயிரக்கணக்கில் கைக்குட்டைகள் கட்டியிருக்கின்றன. வண்டிக்காக ஒன்று கட்டலாமா என்று தோன்றியது. சங்கிலி துடைக்க இருந்த ஒரே துணி அதுதான் என்பதால் விட்டுவிட்டேன்.

பிப்ரவரி 16, வியாழன். ஜெய்சால்மர்

மோகன்கட் வழியாகத் திரும்பினேன். பஞ்சாபின் ஹரிகே அணையிலிருந்து வருகிற இந்திரா காந்தி கால்வாய் இதுவரை வந்து, மணலுக்கு நடுவே கடுகு வயல். ஏர் ஃபில்டரைக் கழுவினேன். கால் கிலோ ராஜஸ்தான் வந்தது.

பிப்ரவரி 17, வெள்ளி. ஜோத்பூர்

நெடுஞ்சாலையைத் தவிர்க்க ஜெய்சால்மரிலிருந்து தென்கிழக்கே தேக்ராய் ஓரன் வழியாக வந்தேன். ஓரன் என்பது கோவிலுக்கு விட்ட காடு. ஒரு கிளை வெட்டமாட்டார்கள்; ஆடு, ஒட்டகம் மேய்க்கலாம். வன்னியும் கேரும் ஜாலும் அடர்ந்து நிற்க, நடுவில் தடித்துக்கொண்டே போன ஒட்டகத் தடத்தைப் பிடித்து ஒரு குளத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். காகா சா சொன்னது இங்கேயும் தப்பவில்லை.

ஓரனைத் தாண்டிய பிறகு தப்பியது. நன்றாகத் தடித்து வந்த தடம் புத்தம்புதுக் கம்பி வேலியில் போய் முட்டி நின்றது. உள்ளே கண்ணுக்கெட்டியவரை சூரிய மின்தகடுகள். அந்தப் பக்கம் குட்டையோ கிணறோ இருந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் இத்தனை தடம் ஏன்? அரசுப் பதிவேட்டில் பல ஓரன் நிலங்கள் ஓரன் என்று குறிக்கப்படாமல் தரிசு என்றே கிடக்கின்றன. தரிசு என்று எழுதிய நிலத்தை யாருக்கும் கொடுக்கலாம். பதிவேட்டைத் திருத்தச் சொல்லி இந்தப் பகுதி ஊர்க்காரர்கள் ஜெய்சால்மருக்கு நடைப்பயணமே போயிருக்கிறார்கள். சூரிய மின்சாரத்துக்கு நான் எதிரியில்லை. ஆனால், ஒட்டகம் எந்த வழியாகத் தண்ணீர் குடிக்கப் போகும் என்று வரைபடம் போட்டவர் ஒரு மதியம் இங்கே நின்று பார்த்திருக்கலாம்.

வேலியை ஒட்டியே ஆடுகள் ஏற்கெனவே ஒரு புதுத் தடம் போட்டுவிட்டன. மெல்லியதுதான். அதைப் பிடித்து எட்டு கிலோமீட்டர் சுற்றிச் சாலைக்கு வந்தேன்.

பார்சல் போடுமுன் டாங்கை வடித்துவிட வேண்டும். மிஞ்சிய மூன்று லிட்டரை விடுதியில் பால் ஊற்றும் பையனின் வண்டிக்குக் கொடுத்தேன். எங்கே சுற்றினீர்கள் என்று கேட்டான், சொன்னேன். “பிப்ரவரியில் யார் வேண்டுமானாலும் போகலாம் அண்ணா, ஜூனில் வாருங்கள்” என்றான்.