குசினிக்குள் வந்த மனிதர்

1978ஆம் ஆண்டு நம் கல்லூரியின் உயர்தர மாணவர் மன்றத்தில் ஒரு விவாதம் வைத்தார்கள். தலைப்பு, ‘இக்காலத்தின் தலைசிறந்த மனிதர் யார்?’ ஐன்ஸ்டைன், லெனின், பென்சிலின் கண்டுபிடித்த பிளெமிங் என்று தோழர்கள் ஆளுக்கொருவரை எடுத்துக்கொண்டார்கள். நான் காந்தியடிகளுக்காகப் பேசினேன். உப்புச் சத்தியாக்கிரகத்தைச் சொல்லி முடித்தபோது மண்டபம் அதிர்ந்தது. பரிசும் எனக்குத்தான்.

அப்புறம் சைக்கிள் எடுக்கப் போன இடத்தில் பௌதிக மாஸ்டர் என்னை மறித்தார். “தம்பி, நல்லாப் பேசினீர். ஆனா ஒண்டு யோசியும். உங்கட வீட்டுக் குசினிக்குள்ள வந்து சாமானை மாத்தி வைச்ச ஆள் ஆர்? அவரையும் ஒருக்காத் தேடிப் பாரும்.”

அந்த ஆளை நான் சிங்கப்பூரில்தான் கண்டுபிடித்தேன். 1984இல் தஞ்சோங் பகார் துறைமுகத்தில், கப்பலில் சரக்கு வரும் பெரிய இரும்புப் பெட்டிகளான கொள்கலன்களின் எண்களைச் சரிபார்க்கும் வேலையில் சேர்ந்தேன். ஒவ்வொரு பெட்டிக்கும் நான்கு எழுத்து, ஏழு இலக்கம். கடைசி இலக்கம், முன்னுள்ள பத்தையும் வைத்துக் கணக்கிட்டு எடுப்பது. எங்காவது ஒன்றைப் பிழையாகக் குறித்தால் பெரும்பாலும் அது காட்டிக்கொடுத்துவிடும். மழை இரவுகளில் டார்ச் அடித்து அந்த எண்களை வாசித்த நாட்களில், இந்தப் பெட்டி முறையைக் கப்பல் தொழிலில் நிலைக்க வைத்தவர் யார் என்று ஒரு பொறியாளரிடம் கேட்டேன். மால்கம் மெக்லீன் என்றார்.

அமெரிக்காவின் வட கரோலினாக்காரர். லொறி ஓட்டித் தொழிலைத் தொடங்கியவர். சாமான்களை இறக்கி ஒவ்வொன்றாகக் கப்பலில் அடுக்குவதைவிட, லொறியின் பெட்டியையே தூக்கிக் கப்பலில் வைத்தால் என்ன என்று யோசித்தார். 1956 ஏப்ரல் 26 அன்று அவருடைய ‘ஐடியல் எக்ஸ்’ கப்பல் 58 பெட்டிகளோடு நியூவர்க்கிலிருந்து ஹூஸ்டனுக்குப் புறப்பட்டது. அப்போது ஒரு டன் சரக்கைக் கையால் ஏற்ற ஏறத்தாழ 6 டாலர் ஆகும். அவருக்கு ஆனது 16 சென்ட்.

சிங்கப்பூரில் பலர் சந்தேகப்பட்டபோதும் துறைமுக ஆணையத் தலைவர் ஹாவ் யூன் சோங் முன்னின்று தஞ்சோங் பகாரில் கொள்கலன் முனையத்தைக் கட்ட வைத்தார். 1972 ஜூன் 23 அன்று ‘நிஹோன்’ கப்பல் 300 பெட்டிகளோடு வந்து நின்றது. 2024இல், 20 அடிப் பெட்டிக் கணக்கில், இந்தத் தீவு கையாண்டது 4 கோடிக்கு மேல்!

1999 டிசம்பரில் டைம் இதழ் நூற்றாண்டின் மனிதராக ஐன்ஸ்டைனைத் தேர்ந்தெடுத்தது. காந்தியும் ரூஸ்வெல்ட்டும் அடுத்த இடத்தில். நம் பழைய மாணவர் சங்க ஒன்றுகூடலிலும் அதே பேச்சு. சிலர் லீ குவான் இயூ என்றார்கள். யாழ் மண்ணில் பிறந்து சிங்கப்பூரின் பற்றுறுதியை, அதாவது தேசிய உறுதிமொழியை, எழுதிய ராஜரத்தினத்தை ஒருவர் உருக்கமாகச் சொன்னார். நான் மெக்லீன் என்றேன். மேசையில் ஒருவருக்கும் அந்தப் பெயர் தெரியவில்லை. காந்தியின் பக்கத்தில் வைக்கக்கூடிய வாழ்வல்ல அவருடையது. லாபம் தேடிய வணிகர்; 1986இல் அவருடைய கப்பல் கம்பெனி திவாலானது. ஆனால் என் வீட்டுக் குசினியைப் பாருங்கள். தாய்லாந்து அரிசி, ஆஸ்திரேலியப் பருப்பு, தேக்காக் கடையில் வாங்கிய யாழ்ப்பாணத்து மிளகாய்த்தூள். அத்தனையும் பெட்டியில் வந்தவை. காந்தியை இன்றும் வணங்குகிறேன். மாஸ்டர் கேட்ட கேள்விக்கு மட்டும் என் பதில் மெக்லீன்தான்.

என்னோடு வேலை பார்த்த தஞ்சாவூர் அண்ணன் ஒருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். கொள்கலன் வருமுன் ஒரு கிட்டங்கியில் மூட்டை சுமந்தவர். ஒருநாள் தேநீர் நேரத்தில் மெக்லீன் கதையை அவரிடம் ஆசையாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சட்டைக் காலரை விலக்கி வலது தோளைக் காட்டினார். தோல் காய்த்து, கறுத்து, ஒரு பக்கம் இறங்கியிருந்தது.

“அந்த மனுசன் வரலேன்னா இது இன்னும் மோசமாயிருக்கும் தம்பி. ஆனா எங்க செட்டுல பதினாலு பேரு. பொட்டி வந்தப்புறம் வேலையில மிஞ்சினது நானும் இன்னொருத்தரும்தான்.”

மாஸ்டர் இப்போது இல்லை. இருந்திருந்தால் மெக்லீன் பெயரோடு அந்தத் தோளைப் பற்றியும் அவருக்கு எழுதியிருப்பேன்.