பந்தடிக்கிற பிள்ளையின் பையில் வலிக்குளிசை: பாடசாலையோடு பட்ட பாடு

தம்பியின் பாடசாலை உதைபந்தாட்ட அணியின் முதலுதவிப் பெட்டியிலிருந்து வலிக்குளிசைகளை எல்லாம் கடந்த கிழமை எடுத்துவிட்டார்கள். பன்டேஜ், ஐஸ் பை, பிளாஸ்டர் மட்டும்தான் இனி அதற்குள் இருக்கும். இந்தச் சின்ன விசயத்தைச் செய்விக்க ஒரு தவணையே போய்விட்டது. யாழ்ப்பாணத்தில் பந்தடிக்கிற, ஓடுகிற, கிரிக்கெட் விளையாடுகிற பிள்ளைகள் இருக்கிற வேறு வீடுகளுக்கும் இது உதவும் என்றுதான் எழுதுகிறேன். எனக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை, அதனால் எழுத்தில் கொஞ்சம் சூடு இருக்கும்.

தம்பி உயர்தரம் படிக்கிறான், 20 வயதுக்கு உட்பட்ட அணியில் விங்கில் ஆடுகிறான். அப்பா வெளிநாட்டில், அம்மாவுக்குப் பிரஷர், ஆகவே ஓடித்திரிகிற வேலை எல்லாம் அக்காவான எனக்கு. மாகாண மட்டப் போட்டிகள் நெருங்கின நேரம் அவனுடைய விளையாட்டுப் பையைத் தோய்க்க எடுத்தேன். சொக்ஸுக்குள் சுருட்டி வைத்தபடி ஒரு டைக்ளோஃபினாக் கார்ட், ஒரு வோல்டரன் கார்ட், அப்புறம் ஒரு கடுதாசிச் சுருளுக்குள் பெயர் தெரியாத கப்சூல்கள்.

கேட்டதும் அவன் ஒளிக்கவில்லை. "எல்லாரும் போடுறவை அக்கா. மச்சுக்கு முன்னம் ஒண்டு ரெண்டு, இடைவேளைக்கு ஒண்டு. நோகுது எண்டு வாயத் திறந்தா அடுத்த மச்சுக்குப் பேர் வராது." முன்கால் எலும்பில் நோவு தொடங்கிப் பல கிழமையாகியும் வீட்டில் ஒருவருக்கும் அவன் சொல்லியிருக்கவில்லை.

முதலாவது விசயம்: குளிசைகளைக் கண்டவுடன் கோபத்தில் குப்பையில் போட்டுவிடாதீர்கள். கார்ட், உறை, உதிரிக் குளிசை எல்லாவற்றையும் அப்படியே ஒரு பையில் போட்டு வைத்திருங்கள். பின்னால் எல்லா இடத்திலும் அதைத்தான் கேட்டார்கள். டவுனில் ஒரு பார்மசியில் இருந்த வயதான அம்மா, கப்சூலில் அச்சடித்திருந்த எழுத்தைப் பார்த்து "இது டிரமடோல், பிள்ளை. துண்டு இல்லாம ஆர் தந்தது?" என்று கேட்டா. வோல்டரன் என்பதும் டைக்ளோஃபினாக்தான் என்று அவதான் விளங்கப்படுத்தினா. தம்பி அவை இரண்டும் வேறு வேறு மருந்து என்று நினைத்து ஒரே நாளில் இரண்டையும் போட்டிருக்கிறான். கார்ட்டில் பெரிதாக இருப்பது கம்பனி வைத்த பெயர், மருந்தின் பெயர் கீழே சின்ன எழுத்தில் இருக்கும். அந்தச் சின்ன எழுத்தை வாசிக்கப் பிள்ளைகளுக்குப் பழக்குங்கள். வளர்ந்த ஆளுக்கே டைக்ளோஃபினாக் ஒரு நாளைக்கு 150 மில்லிகிராமுக்கு மேலே போகக்கூடாது. 50 மில்லிகிராம் குளிசை என்றால் மூன்றோடு சரி. பனடோல் 500 என்றால் எட்டுக் குளிசை, அதாவது 4 கிராம், அதுதான் வளர்ந்த ஆளின் எல்லை. தடிமன் குளிசைகள் பலவற்றுக்குள்ளும் பனடோலில் இருக்கிற அதே பரசிற்றமோல் இருக்கிறது, அதையும் சேர்த்துத்தான் எண்ண வேண்டும்.

டிரமடோலின் கதை வேறு. அது மோர்ஃபின் வகையைச் சேர்ந்தது, பழக்கமாகிவிடும். உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகவரகம் 2024 ஜனவரி 1 முதல் அதைப் போட்டிக் காலத்தில் தடை செய்திருக்கிறது. இலங்கையில் பாடசாலை மட்டப் போட்டிகளிலும் ஸ்லாடா, அதாவது இலங்கையின் ஊக்கமருந்துத் தடுப்பு முகவரகம், சிறுநீர் எடுத்துப் பரிசோதிக்கிறது. தேசிய மட்டத்துக்குப் போகிற பிள்ளை பிடிபட்டால் 'எனக்குத் தெரியாது' என்று சொல்லித் தப்ப முடியாது. இந்த ஒரு வசனத்தை யாராவது அந்தப் பெடியளுக்கு மைதானத்தில் வைத்துச் சொல்லியிருக்கலாம். ஒருவரும் சொல்லவில்லை.

வைத்தியசாலைக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தெரிந்த வைத்தியர் ஒருவரிடம் கடிதம் வாங்கிக்கொண்டு, விடியவே போய் வரிசையில் நின்றோம். பத்தரை மணிக்கு எங்கள் முறை வந்தபோது எழுதுவினைஞர் கடிதத்தைத் திருப்பித் தந்தார். தனியார் கடிதம் சரிவராதாம், வெளிநோயாளர் பிரிவில் காட்டி அங்கிருந்து துண்டு கொண்டு வர வேண்டுமாம். அதை வாசலில் எழுதி ஒட்டியிருந்தால் இவ்வளவு சனமும் வீணாக நின்றிருக்காது. வெளிநோயாளர் பிரிவுக்கு ஓடினோம். துண்டு கிடைக்கும்போது எலும்பு கிளினிக் முடிந்துவிட்டது. அடுத்த கிளினிக் நாள்வரை தம்பி நோவோடு இருந்தான். போக முதலே எந்த நாள் என்ன கிளினிக், யாருடைய துண்டு வேண்டும் என்று போனில் கேட்டு உறுதிப்படுத்துங்கள்.

கிளினிக்கில் பார்த்த டொக்டர் நல்ல மனிசன். எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்று தம்பி சந்தோசப்பட்டான். அவரோ, தொடர்ந்து அழுத்தம் பட்டு எலும்பில் வருகிற மெல்லிய வெடிப்பு முதல் கிழமைகளில் எக்ஸ்ரேயில் தெரியாமல் இருக்கலாம் என்று சொல்லி எம்.ஆர்.ஐ. எழுதினார். அதில் வெடிப்புத் தெரிந்தது. அந்தக் காலோடு அவன் குளிசையைப் போட்டுவிட்டுத் தொண்ணூறு நிமிசம் ஓடியிருக்கிறான். இரத்தப் பரிசோதனையில், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுகிற கிரியேட்டினினும் இருக்க வேண்டிய அளவைவிடக் கூட. பின்நேர வெயிலில் வியர்த்து, தண்ணீர் குறைந்த உடம்பில் இந்தக் குளிசைகள் சிறுநீரகத்துக்குப் போகிற இரத்தத்தைக் குறைத்துவிடும் என்று அவர் தம்பிக்குப் படம் கீறிக் காட்டினார். எங்கள் ஊர் வெயிலில் மூன்று மணிக்கு மச் வைக்கிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். நல்ல காலம், பிறகு எடுத்த பரிசோதனையில் அளவு சரிக்கு வந்துவிட்டது. டிரமடோலை ஒரேயடியாக நிறுத்த வேண்டாம் என்று சொல்லிக் குறைத்துக் குறைத்து நிறுத்தினார். அந்த நாட்களில் அவனுக்கு நித்திரை இல்லை, வியர்வை, எல்லார் மேலும் எரிச்சல். அம்மா பயந்துபோனா. இதை வீட்டில் தனியாகச் செய்ய வெளிக்கிடாதீர்கள். அபாயகர ஒளடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927 இலக்கத்துக்கு எடுத்தும் கதைக்கலாம்.

உண்மையான அலைச்சல் பாடசாலையில்தான் தொடங்கியது.

முதலில் பிரதி அதிபரிடம் போனேன். "எங்கட பள்ளிக்கூடத்தில அப்பிடி ஒண்டும் இல்லைத் தங்கச்சி. வெளியில பழகினதா இருக்கும்" என்றார். முதலுதவிப் பெட்டிக்குள் இருக்கிற குளிசையைப் பற்றிக் கேட்டேன். அது 'சாதாரண நோவுக்குளிசை' என்றார். அதைக் கொடுக்கிறது யார், எந்தப் பிள்ளைக்கு, எத்தனை என்று எழுதி வைக்கிற கொப்பி ஒன்று இருக்கிறதா? இல்லை. பழைய மாணவர் ஒருவர் வாங்கித் தருவார், மாஸ்டர் கொடுப்பார், அவ்வளவுதான்.

அடுத்தது ஒழுக்காற்றுக் குழுவில் இருக்கிற ஆசிரியர். அவர் நேர் எதிர்ப்பக்கம். 'டிரமடோல்' என்ற சொல்லைக் கேட்டதும் எழும்பிவிட்டார். "ஆர் ஆர் போடுறாங்கள் எண்டு பேரைத் தாங்கோ, மிச்சத்தை நாங்கள் பாக்கிறம்." விடுகைப் பத்திரம் கொடுத்து அனுப்புகிற கதை வந்தது. நான் ஒரு பேரும் கொடுக்கவில்லை, கொடுக்கவும் மாட்டேன். நோவோடு விளையாடின பிள்ளையைப் போதைப்பொருள் விற்கிறவனோடு சேர்த்து நிறுத்தினால், நாளைக்கு எந்தப் பிள்ளை வந்து உண்மை சொல்லும்? ஒருவர் ஒன்றுமே இல்லை என்கிறார், மற்றவர் வெளியே துரத்தினால் சரி என்கிறார். பிள்ளைக்கு ஏன் அந்தக் குளிசை தேவைப்பட்டது என்று இரண்டு பேரும் கேட்கவில்லை.

எழுத்தில் தரச் சொன்னார்கள். எழுதிக் கொடுத்தேன். அடுத்தமுறை போனபோது, அப்படி ஒரு கடிதம் வரவில்லை என்றார் அலுவலகத்தில் இருந்தவர். கையிலிருந்த பிரதியைக் காட்டி இன்னொன்று கொடுத்து, அதன் பிரதியில் திகதி முத்திரை குத்தி வாங்கிக்கொண்டுதான் வெளியே வந்தேன். முத்திரை இல்லாத கடிதம் கொடுக்காத கடிதம்தான், இதை மறக்காதீர்கள். கல்விப் பணிமனை ஒன்றுக்கும் போனேன். பொறுப்பான உத்தியோகத்தர் வெளிக்களத்தில் என்றார்கள். முறைப்பாட்டை 'அதிபர் ஊடாக' அனுப்பச் சொன்னார்கள். அதிபரின் பாடசாலையைப் பற்றிய முறைப்பாடு அது.

இதற்கிடையில் நடந்ததுதான் எனக்கு மிகவும் நொந்தது. ஆறு கிழமை விளையாடக்கூடாது என்று டொக்டர் தந்த கடிதத்தைப் பாடசாலையில் கொடுத்தோம். அவர்கள் உடனே அணிப் பட்டியலிலிருந்து தம்பியின் பேரை வெட்டிவிட்டார்கள். அவன் எதற்குப் பயந்து குளிசையைப் போட்டானோ அதுவே நடந்தது, அதுவும் உண்மை சொன்ன பிறகு. மற்றப் பெடியள் எல்லாரும் அதைப் பார்த்தார்கள். அதன் பிறகு ஒருவனும் நோகுது என்று சொல்லியிருக்க மாட்டான்.

அணியின் பயிற்றுநரிடம் கதைத்தபோது அவர், "நாங்களும் போட்டுத்தான் விளையாடினனாங்கள்" என்றார். அது பொய்யில்லை. 2010 தென்னாபிரிக்க உலகக் கிண்ணத்தில் 39 சதவீத வீரர்கள் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன் வலிநிவாரணி எடுத்ததாக ஃபிஃபாவின் வைத்தியர்களே எழுதியிருக்கிறார்கள், அதைத் துஷ்பிரயோகம் என்றும் சொல்லியிருக்கிறார்கள். குரோசிய வீரர் இவான் கிளாஸ்னிச்சுக்கு 2007இல் சிறுநீரகம் மாற்றினார்கள். தனக்குத் தொடர்ந்து வலிநிவாரணி கொடுத்த வைத்தியர்களுக்கு எதிராக அவர் வழக்குப் போட்டுப் பல வருடம் அலைந்தார். பக்கத்தில் எப்போதும் வைத்தியர் இருக்கிற வீரருக்கே அந்தக் கதி. எங்கள் மைதானங்களில் ஒரு தாதிகூட இல்லை.

திருப்பம் உடற்கல்வி மிஸ்ஸால் வந்தது. அவ என்னைத் தனியாகக் கூப்பிட்டு, டொக்டரிடம் வேறு மாதிரி ஒரு கடிதம் வாங்கச் சொன்னா. 'தகுதியில்லை' என்று ஒற்றை வரியில் இருந்தால் வெட்டத்தான் பார்ப்பார்கள் என்றா. புதுக் கடிதத்தில் டொக்டர் தெளிவாக எழுதினார்: இன்ன திகதி மீளப் பார்க்கப்படும், அதுவரை ஓட்டமும் ஆட்டமும் இல்லை, அணியோடு இருக்கலாம், நீச்சலும் மேலுடம்புப் பயிற்சியும் செய்யலாம், வைத்தியரின் துண்டு இல்லாமல் எந்த வலிநிவாரணியும் கொடுக்கக்கூடாது. உங்கள் டொக்டரிடமும் இப்படித்தான் கேளுங்கள். அந்தக் கடிதத்தோடு அதிபரை நேரே கண்டோம். மிஸ்ஸும் வந்தா, வேறு இரண்டு தாய்மாரும் வந்தார்கள். அதிபர் முழுவதும் வாசித்தார். தம்பியின் பேர் 'காயமடைந்த வீரர்' என்று பட்டியலுக்குத் திரும்ப வந்தது.

அதோடு நான் கேட்டது ஒன்றுதான்: நோவு என்று சொல்கிற பிள்ளையின் இடம், வைத்தியர் தந்த திகதிவரை அவனுக்கே இருக்க வேண்டும். பெட்டியைப் பூட்டினாலும், கூட்டம் வைத்தாலும், போஸ்டர் ஒட்டினாலும் இது இல்லாவிட்டால் குளிசை சொக்ஸுக்குள்தான் இருக்கும். அதிபர் ஒத்துக்கொண்டார். மிஸ் ஒரு கொப்பி போட்டா. பயிற்சிக்கு முன்னம் எங்கே நோகுது என்று ஒவ்வொருவரிடமும் கேட்டு எழுதுகிறா. தொடக்கத்தில் எல்லாரும் 'ஒண்டுமில்லை மிஸ்' என்றார்கள். பிறகு கோல் காப்பாளர் தோள்மூட்டு நோவைச் சொன்னான், அவனை வெளியே இருத்தவில்லை, பேரும் போகவில்லை. அதைக் கண்ட பிறகு இன்னும் சிலர் வாய் திறந்திருக்கிறார்கள்.

எல்லாம் முடியவில்லை. பயிற்றுநருக்கு என்மேல் மனத்தாங்கல், கண்டாலும் கதைப்பதில்லை. துண்டு கேட்காமல் விற்கிற பார்மசிகள் அப்படியே இருக்கின்றன. டிரமடோல் யார் மூலம் உள்ளே வந்தது என்பதைப் பாடசாலை இன்னும் தேடவில்லை. பெடியளைத் துரத்தாமல், கொடுத்த பெரிய ஆளைத் தேடுங்கள் என்று அடுத்த பெற்றோர் கூட்டத்தில் கேட்கப்போகிறேன். தம்பி மெல்லோட்டம் தொடங்கிவிட்டான், குளிசை இல்லாமல்.

கடைசியாக ஒன்று, இதற்குத் துண்டும் கடிதமும் தேவையில்லை. குளிசை போடுகிற பிள்ளைக்கு மலம் தார் மாதிரிக் கறுப்பாகப் போனாலோ, இரத்தமாகச் சத்தி எடுத்தாலோ, சிறுநீர் நன்றாகக் குறைந்தாலோ, வலிப்பு வந்தாலோ, கிளினிக் நாளைப் பார்த்துக்கொண்டு இருக்காமல் நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டு போங்கள். அம்புலன்ஸுக்கு 1990. குளிசைப் பையையும் கையோடு எடுத்துப் போங்கள்.